எம்.எஸ்.டபிள்யூ. படிக்க ஆசை: களப்பணியைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: அறந்தாங்கி பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. பி.காம். முடித்து ஒன்றரை வருடமாக ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்க ஆசை. "நாலு பேருக்கு உதவி செய்ய எதுக்கு ரெண்டு வருசப் படிப்பு? உண்டியல் குலுக்கவா?" என்கிறார் அப்பா. பி.காம். படித்தவள் சேர முடியுமா? ஹெச்.ஆர். (மனிதவளம்) எடுத்தால்தான் வேலை என்கிறார்கள். எனக்கோ மருத்துவமனைப் பக்கம்தான் மனம் போகிறது. களப்பணியில் என்ன செய்யச் சொல்வார்கள்? பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள் நான், சமாளிக்க முடியுமா? வேலையை விடாமல் அஞ்சல் வழியில் படித்தால் ஆகாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

பி.காம். படித்தவர் தாராளமாகச் சேரலாம். எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டமும் போதும், பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தெரியாமல் நீங்கள் சேர்ந்தால் இரண்டாவது மாதமே குழம்பிப்போவீர்கள். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவித்தொகைக்கு மூன்று முறை எழுதிப்போட்டும் வரவில்லை. இரக்கப்பட்டு கையில் இருநூறு ரூபாய் கொடுத்தால் அது உதவி. இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் நான்காவது மனுவைப் பதிந்து கொடுத்தால் அதுவும் உதவிதான். ஆனால் முதல் மூன்று மனுவும் ஏன் தள்ளுபடியாயின என்று பார்க்காவிட்டால் நான்காவதும் அப்படியே திரும்பும். ஆதாரில் பிறந்த தேதி 1.1.1970 என்று இருக்கும். பிறந்த தேதி தெரியாத பலருக்குக் குத்துமதிப்பாக ஒரு வருடத்தைப் போட்டு ஜனவரி முதல் தேதி பதிந்திருப்பார்கள். பார்க்க எழுபது வயது, காகிதத்தில் அறுபது ஆகவில்லை. அல்லது ரேஷன் கார்டில் மகன் பெயரும் சேர்ந்திருக்கும். "ஆதரவற்றவர் அல்ல" என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருப்பார். மகன் திருப்பூரில் இருப்பார், ஐந்து வருடமாக ஒரு பைசா அனுப்பியிருக்க மாட்டார். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து மகனிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்க வழி இருக்கிறது. ஆனால் பாட்டி, "எம் புள்ள மேல நான் கேசு போடுறதா?" என்று சொல்லிவிட்டால்?

அந்த இடத்தில்தான் படிப்பு தேவைப்படுகிறது. எந்த ஆவணத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது, அதை எந்த அலுவலகத்தில் அவிழ்க்க முடியும், சட்டம் என்ன தருகிறது, அவர் எதை வேண்டும் என்கிறார், எதை வேண்டாம் என்கிறார், அவர் வேண்டாம் என்பதை எதுவரை மதிப்பது என்று படிப்படியாகப் பார்த்து, எழுதிவைத்து, அடுத்த அடியைத் தீர்மானிப்பது கேஸ் ஒர்க். இதையே பத்துப் பேருடன் செய்ய குரூப் ஒர்க். ஒரு ஊரோடு செய்ய சமுதாய அமைப்பு. இவை மூன்றும் நேரடி முறைகள். ஆய்வு, சமூகநல நிர்வாகம், சமூகச் செயல்பாடு மூன்றும் துணை முறைகள். முதல் வருடம் முழுக்க இந்த ஆறும்தான் பாடம். சமூகவியல், உளவியல் அடிப்படைகளும் சேர்ந்து வரும். மும்பையில் 1936-இலும் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952-இலும் இதற்கென்றே கல்லூரிகள் தொடங்கிவிட்டன என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். நேற்று முளைத்த படிப்பில்லை இது.

அஞ்சல் வழி பற்றி: இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. அதிலும் களப்பணி கட்டாயம், மேற்பார்வையாளர் உண்டு. ஏற்கெனவே ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டு பட்டம் மட்டும் இல்லாதவருக்கு அது நல்ல வழி. உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை களப்பணி செய்ய முடியாது. அன்று மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவும் மூடியிருக்கும், அரசு அலுவலகமும் மூடியிருக்கும். களப்பணியே இல்லாமல் எம்.எஸ்.டபிள்யூ. தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி கல்லூரி. வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் போல, சமூகப்பணிப் படிப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்தும் தனிக் கவுன்சில் நம் நாட்டில் இல்லை. மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்களை மட்டும் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் பாடத்திட்டம் ஒன்றாகவே இருந்தாலும் பயிற்சி கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். தரத்தை நீங்களேதான் விசாரிக்க வேண்டும். உங்களுக்குப் பக்கம் திருச்சி: பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறை. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ். கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. மதுரையிலும் திருப்பத்தூரிலும் பழைய துறைகள் உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்கும் க்யூட் பி.ஜி. என்னும் பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் அதற்கு டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. மற்ற கல்லூரிகள் பெரும்பாலும் ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பம் வாங்கித் தாங்களே நுழைவுத்தேர்வோ நேர்காணலோ வைக்கின்றன. ஒரே கல்லூரியில் அரசு உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். கட்டணம் பெரிதும் வேறுபடும் என்பதால் எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

கட்டடத்தையும் பிளேஸ்மென்ட் பலகையையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். துறைக்குப் போய் இரண்டாம் வருட மாணவிகள் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து நான்கு கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? உங்கள் ரெக்கார்டை (களப்பணிக் குறிப்பேட்டை) அவர் படிக்கிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா? வாராவாரம் ஐ.சி. நடக்கிறதா? ஐ.சி. என்பது மாணவரும் களப்பணி மேற்பார்வையாளரும் மட்டும் உட்கார்ந்து அந்த வார வேலையைப் பேசும் அரைமணி நேரம். ஒரு ஆசிரியருக்கு எட்டுப் பத்து மாணவர் என்றால் அது நடக்கும். இருபத்தைந்து பேர் என்றால், எவ்வளவு நல்ல ஆசிரியரானாலும், கையெழுத்துதான் கிடைக்கும். மூன்றாவது, நான்காவது கேள்விக்கு அந்த மாணவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

களப்பணி எப்படி நடக்கும் என்று கேட்டீர்கள். முதல் சில வாரம் பார்வை நாட்கள். குழந்தைகள் இல்லம், மருத்துவமனை, முதியோர் இல்லம், தொழிற்சாலை, குடிசைப் பகுதி என்று கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பிறகு ஆளுக்கொரு நிறுவனம் ஒதுக்கப்படும். அதை ஏஜென்சி என்றே எல்லோரும் சொல்வார்கள். வாரத்தில் பொதுவாக இரண்டு நாள் வகுப்பு கிடையாது, காலை முதல் மாலை வரை ஏஜென்சியில்தான். நாளுக்கு ஏழெட்டு மணி நேரம், செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வைத்தால் 210 முதல் 240 மணி நேரம் ஆகும். இதோடு ஒரு வாரம், பத்து நாள் கிராம முகாம்; படிப்பின் கடைசியிலோ விடுமுறையிலோ ஒரு மாதம் தொடர்ந்து ஒரே இடத்தில் முழுநேரப் பயிற்சி, அதாவது பிளாக் பிளேஸ்மென்ட். ஒவ்வொரு நாளும் வந்த நேரம், போன நேரம் எழுதி ஏஜென்சி கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஒரு நகல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வெளிநாட்டில் வேலைக்கோ மேல்படிப்புக்கோ போனால் மேற்பார்வையுடன் செய்த களப்பணி எத்தனை மணி நேரம் என்று சான்று கேட்பார்கள். ஐந்து வருடம் கழித்துக் கல்லூரியில் போய்க் கேட்டால் பழைய கோப்பு கிடைப்பது கஷ்டம்.

ஏஜென்சியில் முதலில் நேரும் கோளாறு, பயிற்சிக்கு வந்தவரைச் சம்பளமில்லாத குமாஸ்தாவாக்கி விடுவது. நீங்கள் பி.காம்., அதுவும் ஆடிட்டர் அலுவலக அனுபவம் என்று தெரிந்தால் முதல் நாளே வவுச்சர் கோப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் செய்து கொடுக்கலாம், நட்புக்கு நல்லது. அதையே செமஸ்டர் முழுக்கச் செய்தால் தேர்வில் சொல்ல ஒரு கேஸ் கூட இருக்காது. இதைத் தடுக்க முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கத்தில் பயிற்சித் திட்டம் எழுதுங்கள்: இந்த செமஸ்டரில் மூன்று கேஸ், எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவுடன் எட்டு அமர்வு, ஒரு சமுதாய நிகழ்ச்சி, எந்த நாளில் எதைத் தொடங்குவது, ஏஜென்சியில் யாரிடம் கேட்பது. எண்ணிக்கையை உங்கள் கல்லூரிக் கையேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அதில் ஏஜென்சி மேற்பார்வையாளர், கல்லூரி மேற்பார்வையாளர் இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு யாராவது கணக்கு எழுதச் சொன்னால் மறுத்துப் பேசி மனஸ்தாபப்பட வேண்டியதில்லை, அந்தத் தாளைக் காட்டினால் போதும்.

அடுத்தது ரெக்கார்டு. இந்தப் படிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரும்பாலான மாணவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்:

"கிளையன்ட் சோகமாக இருந்தார். அவருக்குக் கவுன்சலிங் கொடுத்தேன். அவர் மகிழ்ச்சியுடன் விடைபெற்றார்."

இதை எந்த மருத்துவமனையில், எந்த நோயாளியைப் பற்றியும் எழுதலாம். ஆளையே பார்க்காமலும் எழுதலாம். அதே சந்திப்பை இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலை 11.10. பெண்கள் வார்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து 'இன்னிக்கும் யாரும் வரல' என்றார். 'கவலைப்படாதீங்கம்மா, வந்துருவாங்க' என்றேன். அதன்பின் நாலைந்து நிமிடம் பேச்சில்லை. நான் அவசரமாகச் சமாதானம் சொன்னது அவர் பேச்சை அடைத்துவிட்டது. 'யாரை எதிர்பார்த்தீங்க?' என்று கேட்டிருக்கலாம். மேசையில் மருந்துச் சீட்டு மட்டும் இருந்தது, மருந்து இல்லை. அடுத்த சந்திப்பில்: வீட்டில் யார் யார், மருந்து யார் வாங்கித் தருவது, காப்பீட்டு அட்டை இருக்கிறதா."

இரண்டாவதில் அந்த அம்மா சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. நீங்கள் சொன்னதும் இருக்கிறது, அது எங்கே பிசகியது என்பதும் இருக்கிறது. கண்ணில் பட்ட பொருள் ஒன்று அடுத்த வேலையைச் சொல்கிறது. ஐ.சி.யில் மேற்பார்வையாளர் பிடித்துக்கொள்வது "வந்துருவாங்க" என்ற அந்த ஒரு சொல்லைத்தான். உங்களுக்குத் தெரியாத ஒன்றை ஏன் உறுதி சொன்னீர்கள், அந்த மௌனத்தை ஏன் உங்களால் தாங்க முடியவில்லை என்று கேட்பார். கேஸ் ஒர்க் கற்றுக்கொள்வது அந்தக் கேள்விக்கு பதில் தேடும்போதுதான். வகுப்பில் கேஸ் ஒர்க்குக்கு பீஸ்டெக் என்ற அறிஞர் வகுத்த ஏழு கொள்கைகளை மனப்பாடம் செய்யும்போது இல்லை. அன்றைய ரெக்கார்டை அன்றிரவே எழுதிவிடுங்கள். மூன்று நாள் போனால் அவர் சொன்ன வார்த்தை மறந்து உங்கள் வார்த்தைதான் நினைவிலிருக்கும்.

சீனியரின் ரெக்கார்டை வாங்கிப் பெயர் மாற்றி எழுதுவதும், இல்லாத கேஸை உண்டாக்குவதும் பல கல்லூரிகளில் நடக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் "நாலாவது சந்திப்பில் அவங்க உங்களை எங்க உட்கார வச்சாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், வெளுத்துவிடும்.

கிளையன்ட்டுக்கு வாக்குக் கொடுப்பது இன்னொரு ஆபத்து. "அம்மா, லோன் ஏற்பாடு பண்ணித் தர்றேன்", "பையனுக்கு ஹாஸ்டல் சீட் வாங்கித் தர்றேன்" என்று முதல் வாரத்திலேயே வாயில் வந்துவிடும். நீங்கள் பதினைந்து வாரத்தில் கிளம்பிவிடுவீர்கள். அவர் அங்கேயே இருப்பார், அடுத்து வரும் மாணவியையும் நம்ப மாட்டார். "விசாரித்துச் சொல்கிறேன், வரும் வியாழக்கிழமை" என்று சொல்லி வியாழக்கிழமை போய் நில்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். கைக்காசு கொடுக்காதீர்கள். கடைசி இரண்டு வாரத்தைப் புதிய வேலைக்கு வைக்காதீர்கள். அது விடைபெறும் நேரம். இன்ன தேதியோடு என் பயிற்சி முடிகிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, பாதியில் நிற்கும் மனு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, மனு எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி அவர் கையிலும் ஏஜென்சியிலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

குழந்தைகளுடன் வேலை செய்யும்போது சட்டம் ஒன்றை, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொள்ள வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லக்கூடாது. பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு குழந்தை உங்களிடம் சொன்னால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. மறைத்தால் தண்டனை உண்டு. துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே குறித்துக்கொண்டு, அன்றே மேற்பார்வையாளரிடம் போங்கள். 1098-க்கும் அழைக்கலாம். அதேபோல் இல்லத்துக் குழந்தைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது பாசமாகத் தோன்றும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளம் வெளிப்படுவதைத் தடை செய்கிறது. அந்த ஒரு படத்தால் கல்லூரிக்கே அந்த ஏஜென்சியின் கதவு மூடிவிடும்.

கிராம முகாமில் எதைச் செய்கிறோம் என்பதைவிட எந்தத் தெருவில் முதலில் கால் வைக்கிறோம் என்பது முக்கியம். முதல் நாள் தலைவர் வீட்டில் காபி குடித்து, அவர் காட்டிய திண்ணையில் உட்கார்ந்து கூட்டம் போட்டால், காலனியிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். "ஜனங்களுக்கு ஆர்வமில்லை" என்று ரெக்கார்டில் எழுதிவிட்டு வருவோம். முதல் நாள் ஊர் முழுக்க நடந்துவிடுங்கள். மேல்நிலைத் தொட்டி எங்கே, அதிலிருந்து எந்தத் தெருவுக்குக் குழாய் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது, ரேஷன் கடை, அங்கன்வாடி, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்லுங்கள். ஒன்றை ஊரிலும் ஒன்றைக் காலனியிலும் தனித்தனியாக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் இருக்கும் தெரு மற்றொன்றில் இருக்காது. "நீங்க எந்த ஊரு, யார் வீட்டுப் புள்ள?" என்று பெரியவர்கள் கேட்பார்கள், சாதி தெரிந்துகொள்ளத்தான். கோபப்படாமல், "கல்லூரியிலிருந்து வந்திருக்கோம், எல்லாத் தெருவுக்கும் போவோம்" என்று சொல்லி, சொன்னபடியே எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். பெண்ணாக ஒரு வார்த்தை: வீட்டுச் சந்திப்புக்கு இருட்டியபின் போகாதீர்கள், முதல் சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள், எந்த வீட்டில் எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்பதை ஏஜென்சியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சிறப்புப் பிரிவுக்கு வருகிறேன். பொதுவாக இரண்டாம் வருடத்தில் பிரியும். சில கல்லூரிகளில் சேரும்போதே கேட்பார்கள். சமுதாய மேம்பாடு, மருத்துவ மனநலம், குடும்பம் குழந்தை நலம், மனிதவளம் ஆகியவை பரவலாக உள்ளவை. உங்களுக்கு ஹெச்.ஆர். எடுக்கச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தொழிற்சாலைச் சட்டம், 1948-இன் 49-ஆம் பிரிவு ஐநூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அதனால்தான் சமூகப்பணிக் கல்லூரிகளில் தொழிலாளர் நலப் பிரிவு வேரூன்றி, பிறகு மனிதவளம் என்று பெயர் மாறியது. தொழில் பாதுகாப்புக்கான புதிய சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250-ஆகக் குறைத்திருக்கிறது. ஒரகடம், ஓசூர், கோவை வட்டாரத்தில் இடம் இருக்கிறது, மாதச் சம்பளமும் நிலையாக வரும். ஆனால் எம்.பி.ஏ. படித்தவர்களோடு போட்டி போட வேண்டும். நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு மனம் வேண்டும். சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் ஆடிட்டர் அலுவலகத்தில் உங்களுக்குப் பழகியிருக்கும் என்பதால் அது எளிதாக வரும். எளிதாக வருகிறது என்பதற்காக எடுக்காதீர்கள்.

மருத்துவ மனநலப் பிரிவின் வேலை மருத்துவமனை வராந்தாவில்தான் அதிகம். காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார், டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் யார் கூட்டிவருவார், குணமாகி வீட்டுக்கு அனுப்பலாம் என்றாலும் வீடு ஏற்காத மனநோயாளியை எப்படிச் சேர்ப்பது. எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களின் ஆலோசகர் பணிக்கும் மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் இந்தப் படிப்பைக் கேட்கிறார்கள். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பணிக்கு விதிகளிலேயே சமூகப்பணி முதுகலைக்கு முன்னுரிமை சொல்லப்பட்டிருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், ஸ்கார்ஃப், தி பேனியன் ஆகிய மனநல அமைப்புகள், போதை மீட்புக்கு டி.டி.கே. மருத்துவமனை, வேலூரில் சி.எம்.சி. என்று இத்துறையைப் பார்த்துப் பழக நம் மாநிலத்திலேயே நல்ல இடங்கள் உண்டு. பிளாக் பிளேஸ்மென்டுக்கு இவற்றில் ஒன்றைக் கேட்க வேண்டுமானால் மூன்று நான்கு மாதம் முன்பே கடிதம் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. முடித்ததும் உங்களை "மனநல சமூகப்பணியாளர்" என்று எழுதிக்கொள்ள முடியாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயருக்கு எம்.எஸ்.டபிள்யூ.வுடன் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். கேட்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் அது நடந்துவந்தது. எம்.ஃபில். என்ற பட்டமே பொதுவாக நிறுத்தப்பட்டபோது இந்தப் படிப்புக்கு 2025-26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விலக்கு அளித்தது. ஆகவே நீங்கள் முடிக்கும் நேரத்தில் எந்தப் பெயரில், எந்த விதியில் சேர்க்கை நடக்கிறது என்று அந்தந்த நிறுவன அறிவிப்பில் பாருங்கள். பழைய சீனியர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வேலை பற்றி அப்பாவிடம் ஒளிக்க வேண்டாம். அரசுத் திட்டங்களில் வரும் பணிகள் பலவும் தொகுப்பூதியம். ஒப்பந்தம் புதுப்பித்துப் புதுப்பித்துத்தான் ஓடும். தொண்டு நிறுவனங்களிலும் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு ஐம்பதிலிருந்து இருபது சதவீதமாகக் குறைக்கப்பட்டதால் பல இடங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். தொடக்கச் சம்பளம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். மூன்று வருடம் ஒரே துறையில் நின்றவருக்கு நிலைமை மாறுகிறது. வருடத்துக்கொரு துறை மாறியவர்தான் திண்டாடுகிறார். கற்பித்தலுக்குப் போக எண்ணமிருந்தால் யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூகப்பணி தனிப் பாடமாகவே இருக்கிறது. இரண்டாம் வருடத்திலேயே எழுதிப் பார்க்கலாம். உங்கள் கணக்குப் படிப்பை மறைக்காதீர்கள். பட்ஜெட் போடவும், கொடையாளருக்குச் செலவுக் கணக்கு எழுதவும் தெரிந்த சமூகப்பணியாளர் குறைவு. அது தெரிந்தவரை நிறுவனங்கள் லேசில் விடுவதில்லை.

ஆய்வேடு பற்றிச் சுருக்கமாக. "கல்லூரி மாணவர்களின் மனஅழுத்தம்" என்ற தலைப்பை எடுக்காதீர்கள். எல்லோரும் எடுத்துவிட்டார்கள், கூகுள் ஃபாரத்தை நண்பர்களுக்கு அனுப்பி அறுபது பேர் சேர்த்துவிடுவார்கள், அதில் ஒன்றும் தெரியவராது. மருத்துவமனையில் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு இரண்டு மூன்று மாதம் கூட ஆகலாம். மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். கேள்வித்தாளைத் தமிழில் பெயர்த்தபின், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொருள் மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முழுதாக இறங்குங்கள்.

தமிழ் வழி என்று தயங்காதீர்கள். களத்தில் அது உங்கள் பலம். மேலே நான் எழுதிக் காட்டிய ரெக்கார்டில் அந்த அம்மாவின் வார்த்தைக்கு ஆங்கிலத்தில் உயிரே இல்லை. ஆனால் பல கல்லூரிகளில் ரெக்கார்டையும் ஆய்வேட்டையும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். களத்தில் தமிழில் குறிப்பெடுங்கள். இரவில் சிறுசிறு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள், கிளையன்ட் சொன்னதை மட்டும் தமிழிலேயே மேற்கோளில் விடுங்கள். அதற்கு எந்த நல்ல மேற்பார்வையாளரும் தடை சொல்ல மாட்டார். முதல் செமஸ்டரில் நான்கு பக்கம் எழுத மூன்று மணி நேரம் ஆகும். இரண்டாவதில் ஒன்றரை மணி ஆகிவிடும். தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

நேர்காணலில் "ஏன் சமூகப்பணி?" என்று கட்டாயம் கேட்பார்கள். "சேவை செய்யப் பிடிக்கும்" என்று வரும் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று திங்கட்கிழமை புதுக்கோட்டை கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாளில் வாசலில் மனு எழுதிக்கொள்ள முடியாமல் நிற்பவர்கள் இருப்பார்கள். ஐந்து பேருக்கு மனு எழுதிக் கொடுங்கள், காசு வாங்காமல். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில், பெயர் இல்லாமல், அவர்கள் என்ன கேட்டு வந்தார்கள், இதற்கு முன் எங்கே கொடுத்தார்கள், எந்தக் காகிதம் இல்லாமல் திரும்பினார்கள் என்று குறித்துவையுங்கள். முடிந்தால் ஒருநாள் அப்பாவையும் கூட்டிப்போங்கள். அந்த நோட்டோடு நேர்காணலுக்குப் போய் உட்காருங்கள்.